விளக்கு வைத்தவர் யார்?

உலகில் மிகுந்த உழைப்பும் மிகக் குறைந்த புகழும் உடையது எதுவென்று கேட்டால், வெளிச்சம் என்றே விடை கூறலாம். காலையில் எழுந்தது முதல் இரவு கண்மூடும் வரை அதனைக் கொண்டே வாழ்கின்றோம்; ஆயினும் அதனைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் காட்டுகின்ற முகத்தைப் பார்க்கின்றோம், சுவரைப் பார்க்கின்றோம், உலையிற் கொதிக்கும் சோற்றைப் பார்க்கின்றோம். மின்சாரம் தடைப்பட்ட கணத்திலே மட்டும், இதுவரை வெளிச்சம் என்று ஒன்று இருந்ததை நினைத்துக் கொள்கின்றோம்.

இந்த எண்ணத்தை என்னுள்ளே விதைத்தவள் என் பெறாமகள். திருகோணமலையில் வாழும் என் தங்கையின் மகள். சிறு வயது முதற் பரதம் பயின்றவள். இப்பொழுது ஆடுவோருக்கு மேடையில் ஒளி அமைக்கும் கலையைக் கற்று வருகின்றாள். அவளுடைய ஆசிரியர் இட்ட முதற் பாடம் விந்தையானது. விளக்கு எதனையும் தொடக் கூடாது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் கண்ணிற் படும் ஒளியைப் பற்றி எழுதிவர வேண்டும். ஒளி எங்கிருந்து வருகின்றது? எவ்வளவு வருகின்றது? என்ன நிறமாய் வருகின்றது? எவ்வாறு மாறுகின்றது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை காணவேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியை ஒரு பாடமாகவே வகுத்துக் கற்பித்தவர் ஸ்ரான்லி மக்கன்ட்லெஸ் என்பவர். அவர் காலம் முதல் இத்துறை மாணவர் கற்கும் அரிச்சுவடி இந்த நான்குமே.

என் தங்கைக்கு இது பிடிக்கவில்லை. “பத்து வருஷம் ஆடப் படித்தது இருட்டுக்குள் நின்று சுவிச்சுப் போடுவதற்கா, அக்கா? மேடையில் முகமே தெரியாத வேலைக்கு நாளைக்கு யார் மதிப்புக் கொடுக்கப் போகிறார்கள்?” என்று என்னிடம் முறையிட்டாள். பெண்ணைப் பெற்றவள் கேட்கும் கேள்வி அது, தட்டிக்கழிக்க முடியாதது. நம் சகோதரிகள் பலரும் இதனையே கேட்பார்கள் ஆதலின், பெறாமகளின் கொப்பியையே இவ்வாரம் உங்கள் முன் விரித்து வைக்கின்றேன்.

முதற் பக்கங்கள் திசையைப் பற்றியவை. திருகோணமலை நகரின் இருப்பே ஒளியைக் கற்பிப்பதற்கு அமைந்தது போன்றது. ஒரு புறம் வங்காள விரிகுடாவின் திறந்த கடல்; மறு புறம் குன்றுகள் சூழ்ந்த உள்துறைமுகம்; இடையே ஒடுங்கிய நிலத்தில் நகரம். காலையிலே கதிரவன் கடற் பக்கத்திலிருந்து தாழ்வாக ஒளி வீசுகின்றான். மாலையிலே துறைமுகப் பக்கத்திலிருந்து வீசுகின்றான். மேடையின் இரு பக்கத் திரைகளுக்குள்ளும் விளக்கு வைத்தாற் போன்ற ஊர் அது.

அதிகாலையிற் கரைவலை இழுக்கும் தொழிலாளரை அவள் பார்த்து எழுதியிருக்கின்றாள். வெயில் தாழ்ந்திருக்கையில் ஒவ்வொருவருடைய கையும் முதுகும் கெண்டைக்காலும் தனித்தனியாகத் தெரிகின்றன. உடலின் ஒரு பாதி பொன், மறு பாதி நிழல். கயிற்றின் இழுவை எத்துணைக் கடுமையானது என்பதை நூறு யார் தொலைவில் நின்றே உணரலாம். அதே மனிதர் நண்பகலில் வலையை உதறிக் காய வைக்கும்பொழுது, அந்த உருவங்கள் தட்டையாகிவிடுகின்றன. வெயில் தலையிலும் தோளிலும் மட்டும் விழுகின்றது. கண்கள் புருவத்தின் நிழலுக்குள் மறைந்து போகின்றன. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஆகஸ்டு மாத இறுதியிலும் சூரியன் அவ்வூரின் உச்சிக்கு நேரே வருகின்றது. அந்நாள்களில் நட்டு வைத்த கம்புக்கும் நண்பகலில் நிழல் இல்லை. வெளிச்சம் மிகுதிதான், ஆனால் முகம் தெரியவில்லை.

நடனத்துக்கு ஒளி அமைப்பதன் முதல் இரகசியம் இக்காட்சியிலேயே அடங்கியிருக்கின்றது. நாடகத்துக்கு முகமும் வாயும் முதன்மை; ஆதலின் முன்புறத்திலிருந்து, சற்றே உயரத்திலிருந்து, சாய்வாக ஒளி விழுந்தாற் போதும். நடனத்துக்கோ உடல் முழுவதும் முகம். அரைமண்டியில் அமர்ந்த முழங்காலும், நீட்டிய கையும், திரும்பிய இடையும் பேசவேண்டும். முன்னாலிருந்து மட்டும் வெளிச்சத்தைக் கொட்டினால், பள்ளமும் மேடும் மறைந்து, ஆடுபவள் திரையில் ஒட்டிய படம் போலாகிவிடுகின்றாள். பக்கத்திலிருந்து, முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் தலை உயரத்திலும் ஒளி வந்தால், அவயவங்கள் ஒவ்வொன்றும் திரண்டு எழுகின்றன. மார்த்தா கிரகாம் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க நடன மாதுக்கு நெடுங்காலம் ஒளி அமைத்தவர் ஜீன் ரோசந்தால் (1912 - 1969) என்னும் பெண்மணி. இந்தப் பக்க ஒளியை நடன மேடையில் நிலைநாட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். மின்வேலைக்காரரின் கையில் விடப்பட்டிருந்த ஒரு பணியைத் தனிக் கலையாக உயர்த்தியவர்களுள்ளும் ஒருவர்.

கீழிருந்து வரும் ஒளிக்கும் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. மின்சாரம் இல்லாத இரவொன்றில் குப்பி விளக்கை நிலத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அன்பே உருவான அப்பாச்சியின் முகம் அச்சம் தருவதாகத் தோன்றியதாம். மூக்கின் நிழல் நெற்றியில் ஏறிவிட்டது. அதே விளக்கை மாடத்தில் ஏற்றி வைத்ததும் அப்பாச்சி பழைய அப்பாச்சியாகிவிட்டார். நம் முன்னோர் விளக்கு மாடத்தைச் சுவரில் உயர்த்திக் கட்டியதனால் விளைந்த நன்மைகளுள் இதுவும் ஒன்று போலும்!

இவையெல்லாம் மேனாட்டார் நமக்குக் கற்பித்தவை என்று எண்ண வேண்டா. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஆடிய அரங்குக்கு, இருபத்து நான்கு விரல் கொண்ட கோலினால், 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அளவு சொல்லி, மூவகைத் திரைகளையும் கூறுகின்ற இளங்கோவடிகள், விளக்கைப் பற்றியும் மறவாது கூறுகின்றார். தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதபடி விளக்கு நிறுத்தப்பட்டதாம். விளக்கு ஏற்றினார்கள் என்று சொல்லி அவர் நின்றுவிடவில்லை. நிழல் எங்கே விழும் என்பதையும் எண்ணியிருக்கின்றார். அதுதான் ஒளியமைப்பு. கேரளத்துக் கதகளியிலும், மேடை முன்னே நிற்கும் பெரிய வெண்கல விளக்கில், நடிகரை நோக்கிய திரி பருமனாகவும் அவையை நோக்கிய திரி சிறியதாகவும் இருப்பது வழக்கம். பார்ப்பவரின் கண் கூசாமலும் ஆடுபவரின் கண் தெரியும்படியும் செய்த ஏற்பாடு அது.

அரங்கேற்று காதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆடலாசான், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருடைய இலக்கணமும் அங்கே விரிவாகக் கூறப்படுகின்றது. திருகோணமலை இந்துக் கல்லூரியில் தலைமைப் பணி ஆற்றிய விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளியான தமது யாழ் நூலில் அக்காதையின் இசைப் பகுதியை நுணுகி ஆராய்ந்தார். ஆனால் நிழலை விலக்கி விளக்கு வைத்தவன் யார்? அவனுக்குக் காவியத்தில் இலக்கணமும் இல்லை, பெயரும் இல்லை. என் தங்கையின் கவலை பல நூற்றாண்டுப் பழமை உடையது என்பது இதனால் விளங்குகின்றது.

அடுத்தது நிறம். மாலையில் உள்துறைமுகத்தின் மேற்கே சூரியன் சாயும்போது, வெள்ளைச் சுவர் செம்மஞ்சளாகின்றது; அச்சுவரில் விழும் நிழலோ கறுப்பாக இல்லாமல் நீலம் பாய்ந்து தெரிகின்றது. “நிழலுக்கும் நிறம் உண்டு பெரியம்மா, கறுப்பு மையை எடுத்து நிழல் எழுதியவர்கள் மாலையில் வெளியே வந்து பார்க்கவில்லை” என்று என்னிடம் சொன்னாள். சூரியனின் நேரொளி செம்மை. வானம் தரும் ஒளி நீலம். நேரொளி படாத இடத்தில் வானத்தின் நிறம் தங்குகின்றது. நடன மேடையில் ஒரு பக்கம் இளஞ்சூடான மஞ்சளும் மறு பக்கம் குளிர்ந்த நீலமும் வைக்கும் வழக்கம் இயற்கையோடு ஒத்தது என்பதற்கு இது சான்று.

வெளிச்சத்தின் நிறத்தை விஞ்ஞானிகள் கெல்வின் என்னும் அளவினாற் குறிக்கின்றனர். எண்ணெய் விளக்கும் மெழுகுதிரியும் ஏறத்தாழ 1900. மேடையில் எரியும் இழை மின்குமிழ் 3200. நண்பகல் வெயில் 5500 அளவில். எண் ஏற ஏறச் செம்மை குறைந்து நீலம் கூடும். புடைவைக் கடையின் வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த பட்டு, வீட்டு விளக்கின் கீழ் வேறு நிறமாய்த் தோன்றுவதன் காரணம் இதுவே. சிவப்புப் பட்டு சிவப்பாகத் தெரிவது, அது வெளிச்சத்திலுள்ள செம்மையை மட்டும் திருப்பி அனுப்புவதனால். மேடையிற் பச்சை விளக்கை மட்டும் போட்டால், திருப்பி அனுப்பச் செம்மை ஏது? ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த அரக்குப் பட்டு கரித்துணியாகிவிடும். அரங்கேற்றத்துக்கு ஆடை தைக்கும் தாய்மார் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

மூன்றாவது, அளவு. நண்பகல் வெயிலிலிருந்து பிரடெரிக் கோட்டையின் வாயில் வளைவுக்குள் நுழைந்தால், சில கணம் கண் தெரிவதில்லை. இருட்டுக்கு நம் கண் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் வேண்டும். வெளிச்சத்துக்கோ விரைவிற் பழகிவிடும். ஆதலின் வெளிச்சத்தின் அளவு விளக்கில் மட்டும் இல்லை. அதற்கு முன் நாம் எதனைப் பார்த்தோம் என்பதிலும் இருக்கின்றது. பளிச்சென்ற காட்சிக்குப் பின் மங்கிய காட்சி வந்தால் அவை குருடாகும். மங்கலிலிருந்து மெல்ல ஏறினால் ஒற்றை விளக்கும் பேரொளியாகும்.

இந்தப் பகுதியில் ஒரு பக்கம் இரவுக் கடலைப் பற்றியது. கோணேசர் ஆலயம் அமைந்த குன்றிலிருந்து நோக்கினால், தொலைவிலே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஊசிமுனை. ஆயினும் சுற்றிலும் இருள் இருப்பதனால் கண் அவற்றை விட்டு அகல மறுக்கின்றது என்று எழுதியிருக்கின்றாள். அதனை நான் வாசித்துக் காட்டியபோது என் தங்கை சற்று நேரம் பேசவில்லை. உள்நாட்டுப் போர் 2009 இல் முடிவதற்கு முன்பு, பல ஆண்டுகள் இரவுத் தொழிலுக்குத் தடைகள் இருந்தன. அந்தக் கடல் இருண்டு கிடந்தது. வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று யன்னலிலே சீலை கட்டிய இரவுகளை அவள் அறிவாள். அதற்கும் முந்திய தலைமுறைக்கு, 1942 ஏப்ரல் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த நினைவு உண்டு. வெளிச்சத்தைக் கண்டு அஞ்சிய ஊரிலே பிறந்த பெண் வெளிச்சத்தையே தொழிலாக எடுத்திருக்கின்றாள் என்ற எண்ணம் அன்று எங்கள் இருவர் மனத்திலும் ஓடியது. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்காவது, அசைவு. ஒளி அசைவதை ஆறுதலாகப் பார்க்க விரும்புவோர் ஒரு தீபாராதனையைக் கவனிக்கலாம். கருவறை இருள், திரை விலகுகின்றது, அடுக்குத் தீபம் மெல்ல மேலெழுந்து வட்டமிடுகின்றது. தீபம் அடியிற் செல்லும்போது பாதம், உயரும்போது கை, பின்னர் முகம். நிழல்கள் இடம் மாறுந்தோறும் அசையாத கல்லில் ஓர் அசைவு தோன்றுகின்றது. குழல்விளக்கைக் கருவறைக்குள் மாட்டிவிட்ட இடங்களில் அதே தீபம் சுற்றினாலும் இந்த அனுபவம் கிட்டுவதில்லை. காரணம் வெளிப்படை: இருள் இல்லாத இடத்தில் தீபத்துக்குச் செய்வதற்கு வேலை இல்லை. வெளிச்சவீட்டின் ஒளியும் அப்படியே. கடலோடிகள் ஒரு வெளிச்சவீட்டை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது அது எரிவதனால் மட்டுமன்று. எத்தனை வினாடிக்கு ஒருமுறை மின்னி மறைகின்றது என்பதனாலுமாம். மறைவும் ஒரு மொழி.

நம் கிழக்கு மாகாணக் கூத்துகள் வட்டக்களரியில், சுற்றிலும் மக்கள் இருக்க, விடிய விடிய ஆடப்பட்டவை. பந்தமும் பின்னாளிற் பெற்றோமாக்ஸ் விளக்கும் அங்கே ஒளி தந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், பேராதனையில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில், 1962 இல் கர்ணன் போரையும் 1964 இல் இராவணேசனையும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, பல மணி நேர ஆட்டம் சுருங்கியது. மேடை ஒளியும் கூத்தின் ஓர் உறுப்பாயிற்று. கோணேசர் குன்றின் பிளவை இராவணன் வெட்டு என்று இன்றும் கூறும் திருகோணமலை மக்களுக்கு அந்த இராவணேசன் அயலவன் அல்லன். வங்கத்திலோ, தாபஸ் சென் (1924 - 2006) என்னும் ஒளிக் கலைஞர், 1959 இல் அங்கார் நாடகத்திலே, சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து ஏறுவதை விளக்குகளைக் கொண்டே காட்டினார். விளக்கு வைத்தவருடைய பெயரை மக்கள் அறிந்துகொள்ளும் காலம் நம் பக்கத்து நாட்டில் எப்போதோ வந்துவிட்டது.

நம்மிடையே நிலைமை என்ன? சில காலத்துக்கு முன் ஒரு மண்டபத்தில் நடந்த அரங்கேற்றத்துக்குச் சென்றிருந்தேன். நகைக்கும் ஆடைக்கும் உணவுக்கும் பெற்றோர் கணக்குப் பாராமற் செலவிட்டிருந்தனர். தாய் தன் குழந்தையைத் தாலாட்டும் பதம் ஒன்று. அப்பெண் கண்களாலேயே அழகாகத் தாலாட்டினாள். அந்த வேளையிற் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் சுழன்று சுழன்று மின்னின. ஒளிப்படம் எடுப்போரின் வெள்ளை விளக்கு வேறு முகத்தில் அறைந்தது. பத்து ஆண்டு உழைப்பின் பயனாகிய அந்தக் கண்ணசைவு, முன் வரிசையைத் தாண்டவில்லை. பழி விளக்குப் போட்டவர் மேல் இல்லை. அவரை அன்று மாலைதான் அழைத்தார்கள். என்ன ஆடப்படுகின்றது என்றுகூட அவருக்கு எவரும் சொல்லவில்லை.

இதைத்தான் என் தங்கைக்கும் எடுத்துரைத்தேன். “உன் மகள் அன்று அங்கே இருந்திருந்தால், அந்தத் தாய் அழுதிருக்க மாட்டாள்” என்றேன். “அது சரி அக்கா, ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு?” என்றாள். அதுவும் நியாயமே. ஒளியமைப்பை மட்டும் நம்பி வாழ்வதற்கு நம் நாட்டில் மேடைகள் போதா. நடனம் கற்பித்தலோடும் நாடகப் பணியோடும் சேர்த்தே அதனைச் செய்யவேண்டியிருக்கும். பெறாமகள் அதற்கு ஆயத்தமாக இருக்கின்றாள். தாய் இன்னும் முழுமனதோடு இசையவில்லை. ஆனால் கொப்பியைத் தானே எடுத்து வாசிக்கின்றாள் என்று கேள்வி.

அரங்கேற்றத்துக்கோ பாடசாலைக் கலை விழாவுக்கோ ஆயத்தம் செய்யும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். விளக்குப் போடுபவரை ஒத்திகைக்கு ஒரு நாளேனும் அழையுங்கள். நிகழ்ச்சி நிரலையும் ஒவ்வொரு உருப்படியின் கருத்தையும் எழுதிக் கொடுங்கள். முன்புற ஒளியைக் குறைத்து, இரு பக்கத் திரைகளின் உள்ளே, ஆளுயரத்தில் இவ்விரண்டு விளக்காவது நிறுத்தச் சொல்லுங்கள். கால் இடறாதபடி மின்கம்பிகளை ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். ஆடையை அதே விளக்கின் கீழ் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அபிநயம் நடக்கும்போது நிறம் மாற வேண்டியதில்லை. மாறினாலும் பார்ப்பவர் அறியாத மெதுவில் மாறட்டும். படம் எடுப்போர் தம் விளக்கை அணைத்துவைக்க முன்கூட்டியே இணங்கச் செய்யுங்கள். இறுதியில் நன்றி கூறும்போது, பக்கவாத்தியக்காரரின் பெயர்களோடு விளக்கு வைத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழைப்பிதழ் அச்சிடும்போதே அப்பெயருக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டால் இன்னும் நன்று.